ஐம்பது பைட்

ஜூலை. இரவு இரண்டு பத்து.
கொயாய்க்கே முழுக்க ஈரவிறகுப் புகை
சன்னல் கண்ணாடிவரை வந்து நிற்கிறது.
என் திரையில் எல்லாம் பச்சை.

தீவிலிருந்து மருத்துவச்சி ஒதீலியா:
படம் அனுப்பினேன். வந்ததா?
ஐசேன் ஆசுபத்திரியிலிருந்து டாக்டர் பர்ரியா:
இல்லை.
இன்னொரு தரம் அனுப்பினேன்.
இல்லை.
பிள்ளை குறுக்கே கிடப்பதுபோல் இருக்கிறது, படம் பார்த்தால்தான் தெரியும்.
படம் வரவில்லை, ஒதீலியா.

இத்தனை பேச்சும் என் வழியாகத்தான் போகிறது.
படம் மட்டும் போகவில்லை.

நான் கூப்பிட்டுப் பார்த்தேன், பிங், பிங்,
அறுபத்துநான்கு பைட், கடுகு மாதிரி.
போனது. வந்தது. போனது. வந்தது.
"எங்கள் பக்கம் எல்லாம் சரி" என்று
தட்டியும்விட்டேன்.
அந்த வரியை இன்றும் அழிக்க முடியவில்லை.

எங்களுக்குச் சொந்த மலை கிடையாது.
உச்சிகளும் உச்சியில் நிற்கும் கோபுரங்களும்
தலைநகரத்துக் கம்பெனியுடையவை.
அவர்கள் தடத்தின் மேல் எங்கள் தடம்,
வாடகை வீட்டுக்குள் ஒரு பொய்ச்சுவர்.
போன செவ்வாய்க்கிழமை நான்தான் போட்டேன்.
தீவின் பெட்டியையும் ஆசுபத்திரிப் பெட்டியையும்
ஒரே அறையில், அடுத்தடுத்த மேசையில் இருப்பதாக
நம்பவைத்தேன்.
நடுவே கால்வாய்கள், ஆலங்கட்டி மழை, மூன்று கோபுரம்.
இரண்டு பெட்டிக்கும் அது தெரியாது.
அன்று மாலை கேக் வாங்கிவந்தார்கள்.

கடிதத்தை உறையிலிட்டு
அந்த உறையை இன்னோர் உறையிலிட்டு
வெளியே கோபுரத்துக்குப் புரியும் விலாசம்.
வெளியுறையின் எடை ஐம்பது பைட்.
கோபுரத்து வாசல் ஆயிரத்தைந்நூறு.
ஒதீலியாவின் படம்
துண்டு துண்டாக, ஒவ்வொரு துண்டும் சரியாக
ஆயிரத்தைந்நூறு.

யானை நுழைந்துவிட்டது, வால் மாட்டிக்கொண்டது என்பார்கள்.
இங்கே வால்களெல்லாம் நுழைந்துவிட்டன.

கோபுரம் ஊமையில்லை.
"பெரிது, உள்ளே விட முடியாது" என்று
ஒவ்வொரு முறையும் திருப்பிச் சொல்லியிருக்கிறது,
வெளியுறையில் இருந்த பெயருக்கு.
அது என் பெட்டியின் பெயர்.
கேட்டுக்கொண்டு பேசாமல் இருந்திருக்கிறது.
உள்ளே எழுதியவளுக்கு யாரும் சொல்லவில்லை.

துண்டாக்காதே என்று நெற்றியில் எழுதி
ஒவ்வொரு அளவாக அனுப்பினேன்.
ஆயிரத்து நானூற்று எழுபத்திரண்டு: மௌனம்.
ஆயிரத்து நானூற்று இருபத்திரண்டு:
போனது. வந்தது.

கழித்தால் ஐம்பது.
எனக்குக் காது சுட்டது.

இனி செய்யவேண்டியது ஒரே வரி:
தீவின் பெட்டியிடம்
"இனிமேல் கொஞ்சம் சின்னதாகப் பேசு" என்பது.
அந்தப் பெட்டிக்குப் போகும் வழியும்
அதே சுரங்கம்தான்.
கை பிசகினால் வழியே அறுந்துபோகும்,
அடுத்த படகு வியாழக்கிழமை.
மாத்தே ஆறிப்போய் உலோகக் குழல் கசந்தது.
ஆயிரத்து நானூற்று ஐம்பது என்று அடித்து
நான்கு இலக்கத்தையும் விரல் வைத்து வாசித்து
என்டரை அழுத்தினேன்.

கர்சர் நின்றது.
எத்தனை நொடி என்று பதிவேட்டில் இருக்கிறது,
பார்க்கவில்லை.

பிறகு படம் இறங்கியது, மேலிருந்து கீழாக,
பட்டை பட்டையாய்ச் சாம்பல் நிறம்.
பர்ரியா ஒரே சொல் எழுதினார்: குறுக்கே.
அடுத்ததைக் கடற்படைக்கு எழுதினார்.

ஐந்தரைக்கு விளக்குப் போட்ட படகு கிளம்பியதாகச் சொன்னார்கள்.
அதன்பிறகு எனக்கு யாரும் எழுதவில்லை,
எழுத வேண்டிய அவசியமும் அவர்களுக்கில்லை.

காலையில் படிவம் நிரப்பினேன்.
காரணம்: ஐம்பது பைட்.
பொறுப்பு என்ற கட்டத்தில்
"சுரங்கம்" என்று எழுதி, அடித்துவிட்டு,
எடெல்மீரா நாவெல்கின் என்று எழுதினேன்.
கோபுர வாசலை அகலமாக்கித் தரும்படி
மலைக்காரர்களுக்கு ஒரு கடிதமும் போட்டேன்.
மூன்று வாரமாகிறது.
கடிதம் சின்னதுதான், போய்ச் சேர்ந்திருக்கும்.